கார் ஆலையில் தொழில் பழகும் பிள்ளை



ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிற குடும்பங்கள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு. ஆறாம் ஆண்டோடு அந்தப் பிள்ளைகள் எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறார்கள். என்றாலும் பெற்றோர் மறுபடியும் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடமே வருகிறார்கள். "கார் கம்பெனியில் பெராந்திஸ் எடுக்கிறார்களாம், அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்வி, "மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்பது. பயிற்சி அலவன்சைச் சொன்னதும் முகம் சுருங்கிப் போகிறது. "இதற்குப் பேரங்காடியில் சாமான் அடுக்கினாலே கூடக் கிடைக்குமே, சார்!" என்கிறார்கள்.

அந்தக் கணக்கில் தவறில்லை. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் வந்திருக்கிறது. வீட்டில் மூத்த பிள்ளை அந்தப் பணத்தைக் கொண்டுவந்தால் கடைக் கடன் அடையும், தங்கையின் பள்ளிப் பேருந்துக்குக் கட்டணம் கட்டலாம். அதை விட்டுவிட்டு மூன்று ஆண்டு குறைந்த பணத்துக்கு ஏன் போக வேண்டும்? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், தொழில் பழகுநர் என்பவர் யார், கார் ஆலைக்குள் அவர் என்ன செய்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய உரையில் அதைக் காண்போம்.

மலாயில் 'பெராந்திஸ்', ஆங்கிலம் கலந்த நம் பேச்சில் 'அப்ரெண்டிஸ்', நல்ல தமிழில் தொழில் பழகுநர். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே. சாதாரண வேலைக்காரரிடம் முதலாளி உழைப்பை விலைக்கு வாங்குகிறார். தொழில் பழகுநரிடமோ முதலாளி ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறார். "இத்தனை ஆண்டுக்குள் இந்தத் தொழிலை இந்தப் பிள்ளைக்கு முழுமையாகக் கற்றுத் தருவேன்" என்பதே அந்தக் கடன். மாதா மாதம் கையில் கிடைக்கிற தொகை, கணக்கில் ஒரு பாதிதான். மறு பாதி பிள்ளையின் கைக்கும் தலைக்கும் போய்ச் சேர வேண்டும். அது சேர்கிறதா இல்லையா என்பதுதான் நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இதை விளக்குவதற்கு ஜெர்மனி நாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு காரணங்கள் உண்டு. கார் பிறந்ததே அங்கேதான். கார்ல் பென்ஸ் என்பவர் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாவது காரணம் நமக்கு நெருக்கமானது. 2005-ல் மலேசியாவில் தொடங்கப்பட்ட தேசிய இரட்டைப் பயிற்சி முறை, அதாவது எஸ்.எல்.டி.என்., ஜெர்மானிய முறையைப் பார்த்து அமைக்கப்பட்டது. மூலத்தைத் தெரிந்துகொண்டால் நகலில் எது சரி, எது குறை என்று நாமே சொல்லிவிடலாம்.

கார்த் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் சிலர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். 1834-ல் பிறந்த கோட்லீப் டைம்லர் ரொட்டி சுட்டு விற்பவரின் மகன். பதின்ம வயதில் அவரைத் துப்பாக்கி செய்யும் கொல்லரிடம் தொழில் பழக விட்டார்கள். நான்கு ஆண்டு பழகி, முடிவில் இரட்டைக் குழல் கைத்துப்பாக்கியைத் தம் கையாலேயே செய்து காட்டித் தேறினார். அவருடைய கூட்டாளி வில்ஹெல்ம் மேபாக்கின் கதை இன்னும் மனத்தைத் தொடும். பத்து வயதில் தாயும் தந்தையும் இல்லாதவர் ஆனார். ரோய்ட்லிங்கன் நகரில் ஓர் அறநிலையம் அவரை எடுத்து வளர்த்தது. அந்த நிலையத்துக்குச் சொந்தப் பட்டறை இருந்தது; அங்கேதான் வரைபடத் தொழிலைக் கற்றார். டைம்லர் அந்தப் பட்டறைக்கு வேலைக்கு வந்தபோது இந்த இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டார். பிற்காலத்தில் மெர்சிடிஸ் என்ற பெயரைத் தாங்கிய முதல் காரை வடிவமைத்தவர் அந்த அநாதைப் பிள்ளைதான். ஆகஸ்ட் ஹோர்ஹ் என்பவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை. தாம் தொடங்கிய கம்பெனியை விட்டு விலகியபின் தம் பெயரையே புதிய கம்பெனிக்கு வைக்க முடியாமல் போயிற்று. 'ஹோர்ஹ்' என்றால் ஜெர்மன் மொழியில் 'கேள்' என்று பொருள். அதையே இலத்தீனில் 'ஆடி' என்று மாற்றி வைத்துவிட்டார். அந்தக் காரின் பெயரைச் சாலையில் பார்க்கும்போது வானொலி நேயர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அது பழைய காலம். இப்போதைய நடைமுறைக்கு வருவோம்.

இன்று ஜெர்மானியக் கார் ஆலையில் சேரும் பழகுநருக்கு வயது பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபதுக்குள் இருக்கும். அவர் பழகக்கூடிய தொழில்கள் பலவகை. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இயந்திரவியல் ஒன்று. இயந்திரமும் மின்சாரமும் கணினியும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் மற்றொன்று. ஓடுகிற காரைச் சோதித்துச் சீர்செய்யும் தொழில் வேறு. அச்சுக் கருவி செய்யும் தொழில் வேறு. இந்தக் கடைசித் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. காரின் கதவுத் தகடு எப்படி வருகிறது? மேலே ஓர் இரும்பு அச்சு, கீழே ஓர் இரும்பு அச்சு, நடுவே தகடு. பெரிய அழுத்து இயந்திரம் அழுத்துகிறது. தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுடும் தாய்மார்களுக்கு இது எளிதில் புரியும். அச்சில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் சுடுகிற முறுக்கு அத்தனையிலும் அந்தப் பிசிறு வரும். ஆகவே அச்சு செய்கிறவர் கை பிசகக் கூடாது. மேலே சொன்ன தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக் காலம் மூன்றரை ஆண்டு.

முதல் நாள் போனவுடன் காரைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். முதலில் கையில் கொடுப்பது அரம்.

பயிற்சிப் பட்டறையில் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். பிள்ளைக்கு ஓர் இரும்புக் கட்டியைக் கொடுத்து, அதன் முகத்தை அரத்தால் சமதளமாக்கு என்பார்கள். பார்க்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே அறுக்கும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். தள்ளும்போது கை கொஞ்சம் ஆடினாலும் நடுப்பகுதி மேடாக நின்று, இரு ஓரமும் தேய்ந்து சரிந்துவிடும். சமமாக வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? நேரான எஃகுச் சட்டத்தை இரும்பின் முகத்தில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் இன்னும் சமமாகவில்லை. மறுபடியும் அராவ வேண்டும். அடுத்து மூலைமட்டம் வைத்துப் பக்கங்கள் செங்குத்தா என்று பார்ப்பார்கள். அதற்கும் பிறகு வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, பிறகு நூறில் ஒரு பங்கு என்று அளவு சிறுத்துக்கொண்டே போகும்.

எந்திர மனிதன் வேலை செய்கிற காலத்தில் கையால் ஏன் இரும்பை அராவ வேண்டும் என்று அந்த நாட்டுப் பிள்ளைகளே முணுமுணுப்பதுண்டு. காரணம் இருக்கிறது. இஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடும் துளைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது குறைந்தால் சூட்டில் விரிந்து இறுகி நின்றுவிடும். கூடினால் எண்ணெய் மேலே ஏறிப் புகையும். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் பின்னால் நீலப் புகை விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, பெரும்பாலும் இந்தத் தேய்மானம்தான் அதற்குக் காரணம். நூறில் ஒரு பங்கு என்றால் என்ன என்பதைப் புத்தகம் படித்து உணர முடியாது. விரலும் கண்ணும் உணர வேண்டும். அதற்குத்தான் அரம்.

இதை நம் தோட்டத்து மூத்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்மரம் சீவிய கைக்கு மில்லிமீட்டர் தெரியும். உளி ஆழமாக இறங்காவிட்டால் பால் குறையும். கொஞ்சம் அதிகம் இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. பட்டைக்கு உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுச் சீவ வேண்டும். அதையும் விடிவதற்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், மரத்துக்குச் சில விநாடியில் செய்ய வேண்டும். அது கைத்திறன் இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்தத் திறனுக்கு ஒரு சான்றிதழ் இல்லை. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது, நிலம் விற்கப்பட்டபோது, முப்பது ஆண்டு சீவிய தாயும் தந்தையும் பட்டணத்தில் 'தொழில் தெரியாதவர்' என்ற பட்டியலில் எழுதப்பட்டார்கள். தொழில் தெரியும், தெரியும் என்று சொல்லும் தாள்தான் இல்லை. பழகுநர் முறையின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

ஜெர்மனிக்கே திரும்புவோம். பட்டறையில் எல்லா நாளும் கழிவதில்லை. வாரத்தில் ஒன்று இரண்டு நாள், அல்லது சில வாரங்கள் சேர்ந்தாற்போல, தொழிற்பள்ளிக்குப் போக வேண்டும். கணிதம், வரைபடம் படித்தல், மின்சாரம், உலோகங்களின் தன்மை, அவற்றோடு தாய்மொழியும் சமூகக் கல்வியும் கற்பிக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் நாளுக்காக அலவன்சைப் பிடிக்கக் கூடாது. பட்டறை ஒரு காலும் பள்ளி ஒரு காலுமாக நடப்பதால்தான் இதற்கு இரட்டை முறை என்று பெயர்.

அடிப்படை முடிந்தபின் பிள்ளைகளை ஆலையின் பல பகுதிகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள். தகடு அழுத்தும் கூடம், எந்திரக் கைகள் பற்றவைக்கும் கூடம், சாயக் கூடம், இஞ்சின் கூடம் என்று சுற்றி வருவார்கள். காரைச் சீர்செய்யும் தொழிலில் பயிற்றுநர் ஒரு வேடிக்கை செய்வார். நன்றாக ஓடுகிற காரில் வேண்டுமென்றே ஒரு கோளாறைச் செய்து வைத்துவிட்டு, கண்டுபிடி என்பார். கண்டபடி ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவன் தோற்பான். மின்கலத்தில் மின்சாரம் இருக்கிறதா, இருந்தால் ஃபியூஸ் வரை வருகிறதா, ஃபியூஸுக்கு அப்பால் வருகிறதா என்று வரிசையாக அளந்து போகிறவன் பிடித்துவிடுவான். இன்று மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. அவற்றின் மின்கலத்தில் 400 வோல்ட், சிலவற்றில் 800 வோல்ட் வரை அழுத்தம் உண்டு. தவறித் தொட்டால் உயிர் போகும். ஆகவே அவற்றில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டி, யாரும் மறுபடி போட முடியாதபடி பூட்டு, உண்மையாகவே மின்சாரம் இல்லை என்று கருவியால் அளந்து பார் என்ற ஒழுங்கைத் தூக்கத்திலும் சொல்லும்படி பழக்குகிறார்கள்.

செய்ததை எல்லாம் பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். இன்ன வேலை செய்தேன், இன்ன கருவி பயன்படுத்தினேன் என்று எழுத, பயிற்றுநர் பார்த்துக் கையெழுத்திடுவார். இந்த ஏடு இல்லாமல் கடைசித் தேர்வு எழுத முடியாது. சின்னக் காரியம் போலத் தோன்றும். ஆனால் ஏமாற்றைக் காட்டிக் கொடுக்கிற ஏடு இதுதான். வாரா வாரம் "கூட்டிப் பெருக்கினேன்" என்றே எழுதியிருந்தால், கம்பெனி என்ன கற்றுத் தந்தது என்று கேட்க அந்த ஏடே சாட்சி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இது. ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கென்றே 1969-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தொழில், எத்தனை ஆண்டு, நாளைக்கு எத்தனை மணி, அலவன்ஸ் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளை வயது வராதவர் என்றால் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். ஒரு பிரதி அவர்கள் கையில் கொடுக்கப்பட வேண்டும். தொழில் வணிகச் சபை அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும். கற்றுத் தருகிறவரும் கற்றுத் தரத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். தொழில் தெரிந்தால் மட்டும் போதாது. இது ஆசிரியர்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த விதி. கருவிகளைக் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும். பயிற்சியின் நோக்கத்துக்கு உதவுகிற வேலைகளை மட்டுமே பிள்ளைக்குக் கொடுக்கலாம்; உடல் வலுவுக்கு மீறியதைக் கொடுக்கக் கூடாது. தன் மேசையைச் சுத்தம் செய்வது பயிற்சியில் அடங்கும். முதலாளியின் முற்றத்தை ஆண்டு முழுவதும் கூட்டுவது அடங்காது.

பயிற்சி தருவதற்காகப் பிள்ளையிடம் பணம் கேட்டு ஒப்பந்தம் எழுதினால் அந்தச் சட்டப்படி அது செல்லாது. முடித்தபின் எங்களிடமே வேலை செய்தாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே கட்டிப்போடுவதும் செல்லாது. முதல் சில மாதங்கள் சோதனைக் காலம். ஒன்றுக்குக் குறையாமலும் நான்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அதற்குள் பிடிக்காவிட்டால் இரு பக்கமும் விலகிக்கொள்ளலாம். அதற்கு மேல், கடுமையான காரணம் இல்லாமல் கம்பெனி பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. பிள்ளை இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்தால் நான்கு வாரம் முன்னறிவித்துவிட்டுப் போகலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஆண்டு அலவன்ஸ் உயர வேண்டும். 2020-ல் முதலாம் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் மாதம் 515 யூரோ என்று நிர்ணயித்தார்கள். பிறகு அது ஆண்டுதோறும் கூடிவருகிறது. தொழிற்சங்கம் வலுவாக உள்ள பெரிய கார் ஆலைகளில் முதலாம் ஆண்டிலேயே ஆயிரம் யூரோவைத் தாண்டும். தொழிற்சங்கம் எதற்கு என்று கேட்கிற இளைஞர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

தேர்வு இரண்டு பகுதி. ஆலை இயந்திரவியல் தொழிலில், பாதி வழியில் நடப்பதற்கு 40 விழுக்காடு, முடிவில் நடப்பதற்கு 60 விழுக்காடு. தேர்வை நடத்துவது கம்பெனி அல்ல. வெளியே உள்ள சபை. ஆகவே அந்தச் சான்றிதழ் ஒரு கம்பெனியின் நற்சாட்சிக் கடிதமாக இல்லாமல் நாடு முழுவதும் செல்லுபடியாகிறது. தோற்றுவிட்டால் இன்னும் இரண்டு முறை எழுதலாம். தேறியவர் வேலை செய்துகொண்டே மேலே படித்து 'மைஸ்டர்' என்ற மேல்நிலைத் தகுதியைப் பெறலாம். பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை யாரால் அளக்க முடியும்? ஆறாம் ஆண்டில் தடுமாறி, படிவம் மூன்றில் எழுந்து நின்ற பிள்ளைகளை நாங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இன்னொரு குறையும் உண்டு. அது நம்மைத் தொடுகிற குறை. 1961-ல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்து, ஆலை வேலைக்கு ஆட்களை வரவழைத்தது. கொலோன் நகரின் ஃபோர்டு ஆலை போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான துருக்கித் தொழிலாளர்கள் வரிசையில் நின்று கார் பூட்டினார்கள். ஒரே திருகை நாள் முழுவதும் திருகுகிற வேலை. அது ஓரிரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. ஆலை ஆட்களைக் குறைத்தால் முதலில் போவதும் அதுதான். அதே கூரையின் கீழ், இயந்திரம் நின்றால் ஓடி வந்து சரிசெய்கிறவர் தொழில் பழகித் தேறியவர். அவருக்குச் சம்பளம் அதிகம், மதிப்பும் அதிகம். வரிசையில் நின்ற தந்தையின் மகன் அந்த இரண்டாமவர் ஆக வேண்டுமானால், பழகுநர் இடம் ஒன்று கிடைக்க வேண்டும். அந்த இடமோ குடியேறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கடினமாகவே கிடைத்து வந்திருக்கிறது. கடல் கடந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். புரோட்டோன் நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டு, 1985-ல் முதல் சாகா கார் வந்தது. பெரோடுவா 1993-ல் தொடங்கி அடுத்த ஆண்டே கஞ்சில் காரை விட்டது. எஸ்.எல்.டி.என். முறையில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் மீதி வகுப்பிலும் நடக்கிறது. முடிவில் கிடைப்பது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். அதை வழங்குவது அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டு இலாகா, ஜே.பி.கே. ஒன்று முதல் மூன்று வரை சான்றிதழ் நிலை. நான்கும் ஐந்தும் டிப்ளோமா நிலை. எஸ்.பி.எம்.-மில் நல்ல மதிப்பெண் வரவில்லையே என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் இதன் கீழ்ப் படிகளில் இடம் உண்டு.

ஆனால் 'பெராந்திஸ்' என்ற சொல் பலகையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. இரண்டு மூன்று ஆண்டு டயர் கழற்றி மாட்டுவதையும் காரைக் கழுவுவதையும் தவிர வேறொன்றும் கற்காமல், தாள் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்த பிள்ளைகளை நாங்கள் அறிவோம். ஆகவே அனுப்புமுன் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? முடிவில் எந்த நிலைச் சான்றிதழ்? அது ஜே.பி.கே. வழங்குவதா, அல்லது கம்பெனியே அச்சடித்த தாளா? கற்றுத் தருபவர் யார், வகுப்பு எத்தனை நாள்? பட்டறையில் விபத்து நேர்ந்தால் பெர்கேசோ பாதுகாப்பு உண்டா? அலவன்சிலிருந்து தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடிப்பார்களா? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? ஜெர்மனியில் செல்லாத ஒப்பந்தம் இங்கே செல்லக்கூடும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிற பத்திரம் புரியாவிட்டால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தோட்டத்தில் படித்த பிள்ளை யாராவது இருப்பார். இல்லையென்றால் பள்ளிக்கு எடுத்து வாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறோம். 1888-ல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் பழுது பார்த்தவர் ஒரு பெண்.

அந்த மூன்று ஆண்டுக் குறை வருமானத்தை எப்படித் தாங்குவது? இதற்கு மந்திரம் கிடையாது. வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிற குடும்பம் தாங்கிவிடும். ஒருவரே சம்பாதிக்கிற வீட்டில் மூத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அதையும் நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மூத்தவன் சும்மா போகட்டும் என்று விடாமல், வேலை செய்துகொண்டே அனுபவத்தைக் காட்டித் திறன் சான்றிதழ் பெறும் வழியும் ஜே.பி.கே.-யில் இருக்கிறது என்பதை அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது. அரசாங்கச் சான்றிதழ்ப் பயிற்சிகளுக்குக் குடியுரிமையைக் கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். அப்போதே பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும், தாய் தந்தையின் பெயரும், பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைகளும், சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பிள்ளைகளும் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். பதினேழு வயதில் விண்ணப்பத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்கு ஓடினால் நேரம் போதாது; இந்தக் காரியங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் தலைமையாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். பள்ளியில் படித்ததற்கான கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.